திடல் இல்லாத பள்ளி, நீச்சல் குளம் உள்ள பள்ளி: மாணவர் விளையாட்டில் சமநிலை எங்கே தவறுகிறது?

கிள்ளான் வட்டாரத்தில் மாவட்ட அளவிலான திடல்தடப் போட்டி நடக்கும் காலத்தில் பெற்றோரிடையே எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். "அவங்க பள்ளிக்குத் தனிப் பயிற்றுநர் இருக்காரு, பஸ் இருக்கு, நீச்சல் குளம்கூட இருக்கு. நம்ம பிள்ளைங்க எப்படிப் போட்டி போட முடியும்?" இந்த 'அவங்க' யார் என்று கேட்டால்தான் சிக்கல். ஒருவர் தனியார் பள்ளியைச் சொல்வார். இன்னொருவர் சீனப்பள்ளியைச் சொல்வார். மூன்றாமவர் பக்கத்துத் தாமானில் ஈராயிரம் மாணவர்களோடு இயங்கும் அரசாங்க இடைநிலைப்பள்ளியைச் சொல்வார்.

பள்ளி விளையாட்டில் ஏற்றத்தாழ்வு இருப்பது உண்மை. ஆனால் அரசாங்கப் பள்ளி ஒரு பக்கம், தனியார் பள்ளி மறுபக்கம் என்று கோடு கிழித்தால் நம் பிள்ளைகள் எங்கே பின்தங்குகிறார்கள் என்பது தெரியாமல் போய்விடும். எந்தப் பள்ளி எந்தப் போட்டியில் யாரோடு மோதுகிறது, மேல்படிக்கு யார் தேர்வாகிறார்கள், அதனால் கிடைக்கும் பயன் என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

மூன்று படி ஏணி

மாணவர் போட்டிகளை நடத்துவது எம்.எஸ்.எஸ்.எம். என்று அழைக்கப்படும் மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம். 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு கல்வி அமைச்சின் கீழ் இயங்குகிறது. முதல் படி மாவட்டம். கிள்ளான், கோல லங்காட், உலு லங்காட், கோம்பாக் என ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மன்றம் உண்டு. இதைத்தான் நாம் எம்.எஸ்.எஸ்.டி. என்கிறோம். கோலாலம்பூரில் மாவட்டத்துக்குப் பதிலாக மண்டலம். பிரிக்பீல்ட்ஸ் பள்ளிகள் பங்சார்-பூடு மண்டலத்தைச் சேர்ந்தவை. கெராமாட், செந்தூல் ஆகியவை மற்ற மண்டலங்கள். இரண்டாவது படி மாநிலம், சிலாங்கூரில் எம்.எஸ்.எஸ்.எஸ். மூன்றாவது படி தேசிய அளவிலான எம்.எஸ்.எஸ்.எம். போட்டி. பெரும்பாலான விளையாட்டுகளில் 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் இருக்கும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் 12 வயதுக்குட்பட்ட பிரிவில் களமிறங்குகிறார்கள்.

இந்த ஏணியில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் படியில் மோதுவது பள்ளியும் பள்ளியும். அடுத்த படியில் மாவட்டமும் மாவட்டமும். தேசிய அளவில் மாநிலமும் மாநிலமும். அதாவது முதல் படியைத் தாண்டியதும் பிள்ளை பள்ளிச் சீருடையைக் கழற்றிவிட்டு மாவட்டச் சீருடையை அணிகிறான். அவன் படிக்கும் பள்ளி சிறியதா பெரியதா என்பது அதன் பிறகு ஒரு பொருட்டல்ல. 100 மீட்டர் ஓட்டத்தில் நல்ல நேரம் எடுத்த பிள்ளை எந்தப் பள்ளியில் இருந்தாலும் மாவட்ட அணிக்குப் போகலாம்.

குழு விளையாட்டில் கதை வேறு. காற்பந்தில் ஒரு நல்ல தாக்குதல் ஆட்டக்காரன் பலவீனமான அணியில் இருந்தால், முதல் இரண்டு ஆட்டங்களிலேயே அணி வெளியேறிவிடும். தேர்வாளர் அவனைப் பார்ப்பதே அந்த இரண்டு ஆட்டங்களில்தான். ஆக, சிறிய பள்ளியில் படிக்கும் திறமைசாலிக்கு ஓட்டமும் குதித்தலும் கொடுக்கும் வாய்ப்பைக் காற்பந்தும் ஹாக்கியும் கொடுப்பதில்லை. தமிழ்ப்பள்ளிகளில் திடல்தடத்துக்குக் கிடைக்கும் பெயர் குழு ஆட்டங்களுக்குக் கிடைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அரசாங்கப் பள்ளி என்பது ஒரே வகை அல்ல

அரசாங்கப் பள்ளி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. நிலமும் கட்டடமும் அரசாங்கத்துக்கே சொந்தமான பள்ளிகள் ஒரு வகை. ஆசிரியர் சம்பளத்தை மட்டும் அரசாங்கம் கொடுக்க, நிலம் தோட்ட நிறுவனத்துக்கோ சமய அமைப்புக்கோ பள்ளி வாரியத்துக்கோ சொந்தமாக இருக்கும் பள்ளிகள் இன்னொரு வகை. நாட்டில் உள்ள ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை, அதாவது அரசாங்க உதவி பெறும் பள்ளிகள். திடலைச் சமன்படுத்த வேண்டும், ஓடுதடம் போட வேண்டும் என்றால் முதலில் எழும் கேள்வி நிலம் யாருடையது என்பதுதான். மெதடிஸ்ட், லா சால், கான்வெண்ட் போன்ற பழைய மிஷன் பள்ளிகளுக்கும் இதே நிலைதான். ஆனால் அவற்றில் பல நூறாண்டுக்கு முன்பே நகரின் நடுவில் நல்ல நிலத்தோடு தொடங்கப்பட்டவை. முன்னாள் மாணவர் சங்கங்களும் அவற்றுக்குப் பலம்.

இதற்கு மேல் முழு நேரத் தங்கும் விடுதிப் பள்ளிகள், மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகள், அரசாங்க விளையாட்டுப் பள்ளிகள். இவையும் பொதுமக்கள் வரிப்பணத்தில் நடப்பவையே. மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பவை. பள்ளியிலேயே தங்குவதால் மாலைப் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போக வேன் தேட வேண்டிய கவலை அங்கே இல்லை.

தனியார் பக்கமும் ஒரே நிறம் அல்ல. நாடெங்கும் ஏறக்குறைய 60 சீன சுயேச்சை இடைநிலைப்பள்ளிகள் உள்ளன. கிள்ளானில் மட்டும் ஹின் ஹுவா, குவாங் ஹுவா, பின் ஹுவா, சுங் ஹுவா என நான்கு. இவை சமூகத்தின் நன்கொடையில் வளர்ந்தவை. கூடைப்பந்து என்றால் இவற்றின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மண்டபம் கட்ட, பயிற்றுநரை அமர்த்த, பணத்தைத் திரட்டுவது அந்தச் சமூகமே. அடுத்து, தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் தனியார் பள்ளிகள். கடைசியாக, அனைத்துலகப் பள்ளிகள்.

அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அரசாங்கம் 2012-இல் நீக்கியது. அதன் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய தாமான் எழுந்த இடமெல்லாம் ஓர் அனைத்துலகப் பள்ளியும் எழுந்தது. ஆண்டுக்குப் பல்லாயிரம் ரிங்கிட் கட்டணம். செயற்கைப் புல் திடல், நீச்சல் குளம், உள்ளரங்கு. கடந்து போகும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் நமக்கு ஆதங்கம் வருவது இயல்பு.

ஆனால் அவர்களோடு நம் பிள்ளைகள் எத்தனை முறை மோதுகிறார்கள்? பெரும்பாலும் இல்லை. அனைத்துலகப் பள்ளிகளுக்கு அவர்களுக்குள்ளேயே தனிப் போட்டிகள் உண்டு. கோலாலம்பூர் அனைத்துலகப் பள்ளியின் போட்டியாளர்கள் சிங்கப்பூர், ஜகார்த்தா, மணிலா, பேங்காக், தைப்பே நகரங்களில் உள்ள அதே தரத்துப் பள்ளிகள். 1982-இல் தொடங்கிய ஐயாசாஸ் என்ற அமைப்பின் கீழ் இந்த ஆறு பள்ளிகள் விமானம் ஏறிப் போய் விளையாடுகின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஃபோபிசியா என்ற இன்னொரு கூட்டமைப்பு.

அரசாங்கப் பள்ளியும் தனியார் பள்ளியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் சில குறிப்பிட்ட விளையாட்டுகளில்தான். நீச்சல், ஜிம்னாஸ்டிக், ஸ்குவாஷ், பூப்பந்து, கூடைப்பந்து. இவற்றில் முதல் மூன்றில் வெற்றியை முடிவு செய்வது பள்ளிகூட அல்ல, பள்ளிக்கு வெளியே உள்ள கிளப். ஏழு வயதிலிருந்து கிளப்பில் நீந்தும் பிள்ளை எந்தப் பள்ளிப் பெயரில் வந்தாலும் முன்னே போகும். பூப்பந்திலும் மண்டப வாடகை, இறகுப்பந்து, தனிப் பயிற்சி என்று செலவு நீள்கிறது. கிள்ளானில் பிறந்த தீனா முரளிதரன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெர்லி டானோடு சேர்ந்து மகளிர் இரட்டையரில் நான்காம் இடம் வரை போனதைக் கண்டு, நம் வீடுகளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் மட்டையைத் தூக்கியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு வாரம் மூன்று நாள் மண்டபம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

திடல் எங்கே போனது?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். தமிழ்ப்பள்ளியின் பிறப்பே தோட்டத்தில். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று காலனித்துவ காலத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. பள்ளி ஒரு கொட்டகையாக இருந்தாலும் தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. மாலையில் பால் கணக்கு முடிந்ததும் பெரியவர்கள் பந்து விளையாடும் அதே திடலில்தான் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்து, கபடி, சடுகுடு. யாரும் பயிற்றுநர் என்று பட்டம் வாங்கவில்லை. கிராணி ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ விசில் ஊதினார். நகரத்தில் ரயில்வே, பொதுப்பணி, மின்சார வாரியத் தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டித் திடல்கள் இருந்தன. தலைநகரில் தமிழர்களுக்கென்றே ஓர் உடற்பயிற்சிக் கழகம் போருக்கு முன்பே உருவாகியிருந்தது. பழையவர்கள் அதை டி.பி.சி.ஏ. என்று இன்றும் நினைவுகூர்வார்கள்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்பாக மாறின. கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பக்கம் மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பள்ளி சில இடங்களில் பழைய இடத்திலேயே தனித்து நின்றது. சில இடங்களில் தாமானுக்கு நடுவே ஒரு சிறிய நிலத்துக்கு மாற்றப்பட்டது. பெயரில் இன்னும் 'லாடாங்' இருக்கும், சுற்றிப் பார்த்தால் ஒரு ரப்பர் மரம்கூட இருக்காது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே முற்றம் இருந்த நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. நூறு குவார்ட்டர்ஸ் என்று அழைக்கப்பட்ட பழைய குடியிருப்பும் பின்னர் இடிக்கப்பட்டது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு வாசலிலேயே விளையாட இடம் இருந்தது. இன்று 20-ஆவது மாடியில் வசிக்கும் பிள்ளைக்குக் கார் நிறுத்துமிடம்தான் திடல்.

வகுப்பறை குறைந்தால் பெற்றோர் சங்கம் கேள்வி கேட்கும், பத்திரிகை எழுதும், அரசியல்வாதி ஓடி வருவார். ஆனால் கூடுதல் கட்டடத்துக்காகத் திடலில் பாதியை எடுத்துக்கொண்டால் யாரும் வாய் திறப்பதில்லை. புதிய கட்டடத் திறப்பு விழாவில் நாம் கைதட்டிய சில நிகழ்வுகளில், அந்தக் கட்டடம் நின்றது பிள்ளைகள் ஓடிய இடத்தின் மேல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

திடலை விடவும் பெரிய சிக்கல் எண்ணிக்கை. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் கல்வி அமைச்சு 'மாணவர் குறைந்த பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை இந்தப் பட்டியலில் உள்ளன. 90 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு 15 பேர். பாதிப் பேர் ஆண் பிள்ளைகள் என்றால், ஆண்டு 4 முதல் 6 வரை மொத்தம் 22 அல்லது 23 பையன்கள். இதில் உடல்நலம் இடம் கொடுக்காதவர், விருப்பம் இல்லாதவர், டியூஷன் போகிறவர் எல்லாரையும் கழித்தால் ஒரு காற்பந்து அணியை நிரப்புவதே போராட்டம். அதே மாவட்டத்தில் 1,800 மாணவர் படிக்கும் ஒரு பள்ளியில் அதே வயதில் 450 பையன்கள். இரு பள்ளிகளும் ஒரே போட்டியில், ஒரே பிரிவில். இரண்டும் அரசாங்கப் பள்ளிகள். இங்கே தனியார் என்ற பேச்சே இல்லை.

இது இனப் பிரச்சினையும் அல்ல. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி போல ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகளும் இங்கே உண்டு. பெரிய தமிழ்ப்பள்ளியும் சிறிய தமிழ்ப்பள்ளியும் மோதினாலும் இதே கணக்குதான். விளையாட்டுக்கான அரசாங்க மானியமும் தலைக்கு இவ்வளவு என்ற அடிப்படையில் கணக்கிடப்படுவதால் சிறிய பள்ளிக்குக் கையில் வருவது சொற்பம். பேருந்து வாடகையோ 12 பிள்ளைகளுக்கும் 40 பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். ஆசிரியர் எண்ணிக்கை குறைவு என்பதால் உடற்கல்வி ஆசிரியரே நூலகப் பொறுப்பாளர், அவரே சாரணர் பொறுப்பாளர். பிள்ளைகளைத் தம் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போட்டிக்குப் போகும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அமெரிக்காவில் இதே சண்டை பல்லாண்டுகளாக நடக்கிறது. அங்கே உயர்நிலைப்பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி வகுப்புகளாகப் பிரித்துப் போட்டி நடத்துவது வழக்கம். சிறிய பள்ளி சிறிய பள்ளியோடுதான் மோதும். குற்றச்சாட்டு என்னவென்றால், அரசாங்கப் பள்ளி தன் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளை மட்டும் சேர்க்க, தனியார் பள்ளி எங்கிருந்தும் வீரர்களை இழுத்துக்கொள்கிறது என்பது. இல்லினாய் மாநிலம் 2005-இல் ஒரு வழி கண்டது. எல்லை வரையறை இல்லாத பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்குவது. 1,000 பேர் படிக்கும் தனியார் பள்ளி 1,650 பேர் உள்ள பள்ளியாகக் கணக்கிடப்பட்டுப் பெரிய வகுப்புக்குத் தள்ளப்படும். இந்தியானா 2012-இல் வேறு வழிக்குப் போனது. பள்ளி எந்த வகை என்று பார்க்காமல், தொடர்ந்து வெல்லும் பள்ளியை மேல்வகுப்புக்கு ஏற்றுவது.

டென்னசி 1997-இல், விளையாட்டு மாணவர்களுக்கு நிதியுதவி தரும் தனியார் பள்ளிகளைத் தனிப் பிரிவாகவே பிரித்தது. அங்கே பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளி, சேரவிருந்த மாணவர்களுக்குக் காற்பந்துப் பயிற்சிக்கு அழைப்புக் கடிதம் அனுப்பியது (அவர்கள் காற்பந்து என்பது கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்). மாநில விளையாட்டு அமைப்பு தண்டித்தது. வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-இல் அந்த அமைப்பை அரசாங்கத்துக்கு இணையானதாகக் கருத வேண்டும் என்றது நீதிமன்றம். 2007-இல் ஆள்பிடிக்கும் கடிதத்துக்கு எதிரான விதி செல்லும் என்று முடித்தது. ஒரு கடிதத்துக்குப் பத்தாண்டு வழக்கு.

பிரிட்டனில் தனியார் பள்ளியில் படிப்பவர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற பிரிட்டன் விளையாட்டாளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அந்த 7 விழுக்காட்டிலிருந்து வந்தவர்கள். பக்கத்தில் சிங்கப்பூர் 2004-இல் நேரடிச் சேர்க்கைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிவுக்கு முன்பே, விளையாட்டுத் திறனைப் பார்த்து இடைநிலைப்பள்ளிகள் மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஏழைப் பிள்ளைக்கு நல்ல பள்ளிக் கதவு திறக்கும் வழி என்று சிலர் சொல்ல, தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே அது பயன்படுகிறது என்று மற்றவர்கள் வாதிடுகிறார்கள்.

இவற்றில் நமக்குப் பொருந்துவது எது? பெருக்கல் கணக்கு இங்கே உதவாது. முதலில் எண்ணிக்கைப்படி வகுப்புப் பிரிவு இருந்தால்தான் பெருக்குவதற்கே பொருள் உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அடிப்படையைத்தான். மாவட்ட அளவில், குழு விளையாட்டுகளில் மட்டும், மாணவர் குறைந்த பள்ளிகளுக்குத் தனிப் பிரிவு வேண்டும். அல்லது அருகருகே உள்ள இரண்டு மூன்று சிறிய பள்ளிகள் சேர்ந்து ஓர் அணியை அனுப்ப இடம் தர வேண்டும். தமிழ்ப்பள்ளியும் பக்கத்துக் கிராமத்துத் தேசியப் பள்ளியும் சேர்ந்து ஓர் அணி என்றால் ஒற்றுமைக்கும் நல்லது. தனிப் பிரிவில் ஓர் ஆபத்தும் உண்டு: சிறிய பள்ளிகளுக்குள் மட்டும் ஆடிவிட்டு வரும் பிள்ளையை மாவட்டத் தேர்வாளர் பார்க்காமலே போய்விடலாம். அதனால் இரு பிரிவுகளும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே தேர்வாளர் கண்முன் நடக்க வேண்டும்.

விளையாட்டுப் பள்ளி

அமெரிக்காவில் தனியார் பள்ளி செய்யும் ஆள்திரட்டலை இங்கே செய்வது அரசாங்கம். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996-இல் தொடங்கியது. ஜொகூர் பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி 1998-இல். பிறகு மற்ற மாநிலங்களிலும் வந்தன. காற்பந்துக்குப் பகாங் கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி. புக்கிட் ஜாலில் பள்ளியின் ஹாக்கி அணி தண்டர்போல்ட் என்ற பெயரில் மலேசிய ஜூனியர் ஹாக்கி லீக்கில் ஆடியபோது, சாதாரண இடைநிலைப்பள்ளி அணிகள் அதன் எதிரில் நின்றன.

இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். நாட்டுக்கு ஆட்டக்காரர் வேண்டும். வீட்டில் வசதி இல்லாத பிள்ளைக்குத் தங்குமிடம், உணவு, பயிற்றுநர், படிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அனைத்துலகப் பள்ளியில் பெற்றோர் பணம் கொடுத்து வாங்குவதை இங்கே திறமையைக் கொடுத்து வாங்கலாம். ஆனால் அந்தக் கதவு முதலில் திறப்பது படிவம் 1-க்கு. அதாவது பிள்ளை ஆண்டு 6-இல் இருக்கும்போதே விண்ணப்பித்து, உடல்தகுதிச் சோதனைக்கும் திறன் சோதனைக்கும் போக வேண்டும். மாவட்ட, மாநிலச் சான்றிதழ் கையில் உள்ள பிள்ளைக்கு வழி எளிது. தோட்டப்புறத்துப் பெற்றோர் பலர் இப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதையே படிவம் 2-க்குப் போன பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

தமிழ்ப்பள்ளி ஆண்டு 4 முதல் எல்லாப் பிள்ளைகளும் 'செகாக்' என்ற உடல்தகுதிச் சோதனையைச் செய்கிறார்கள். பெஞ்சில் ஏறி இறங்குதல், தண்டால், வயிற்றுப் பயிற்சி, உட்கார்ந்து கை நீட்டுதல். ஆண்டுக்கு இரண்டு முறை. பல இடங்களில் அது எண்ணை நிரப்பும் வேலையாகவே முடிகிறது. உண்மையில் அந்தத் தாளில்தான் ஒரு பள்ளியின் மறைந்திருக்கும் ஓட்டக்காரி இருக்கிறாள்.

இடைநிலைப்பள்ளியில் தொலையும் பிள்ளை

நம் நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆண்டு 6 முடிந்ததும் ஒரு தமிழ்ப்பள்ளியின் அணி நான்கைந்து பள்ளிகளுக்குச் சிதறிப் போகிறது. சீன ஆரம்பப்பள்ளியில் ஒன்றாகக் கூடைப்பந்து ஆடியவர்கள் சுயேச்சைப் பள்ளியில் மறுபடியும் ஒன்று சேர முடிகிறது. நம் பிள்ளை புதிய பள்ளியில், புதிய மொழிச் சூழலில், யாருக்கும் தெரியாதவனாக நிற்கிறான். மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியவன் என்பது புதிய விளையாட்டு ஆசிரியருக்குத் தெரியாது. சொல்வதற்கும் ஆள் இல்லை. புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இன்னொரு விஷயம்: போட்டிப் பிரிவு படிவத்தைப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைப் பார்க்கிறது. அவன் 15 வயதில் படிவம் 2-இல் இருப்பான், ஆனால் படிவம் 3 மாணவர்களோடு ஒரே பிரிவில். மறுபக்கம், மற்றவர்கள் 17 வயதில் எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் போய்விட, அவன் 18 வயதிலும் பள்ளியில் இருப்பான். 18 வயதுக்குட்பட்ட பிரிவில் அந்தக் கூடுதல் ஓராண்டு அவனுக்கு லாபம். இதைக் கணக்கில் வைத்துப் பயிற்சியைத் திட்டமிடும் பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பத்து மதிப்பெண்

விளையாட்டு வேண்டாம், படிப்பு போதும் என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு தகவல். அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. புறப்பாட மதிப்பெண் 'பாஜ்ஸ்க்' என்ற மதிப்பீட்டின் வழி கணக்கிடப்படுகிறது. பள்ளி அளவில் கலந்துகொண்டவரைவிட மாவட்டத்தைப் பிரதிநிதித்தவருக்கும், மாவட்டத்தைவிட மாநிலத்தைப் பிரதிநிதித்தவருக்கும் கூடுதல். கல்வியில் ஒரே நிலையில் இருக்கும் இருவரில் ஒருவருக்குப் புறப்பாடத்தில் 9, மற்றவருக்கு 5 என்றால், மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் அந்த 4 மதிப்பெண் கதவையே மூடிவிடும்.

இங்கேதான் சமநிலைப் பேச்சு கூர்மையாகிறது. அனைத்துலகப் பள்ளி மாணவர் பெரும்பாலும் வேறு தேர்வு எழுதி, தனியார் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர். இந்த 10 மதிப்பெண்ணுக்கு அவர் நமக்குப் போட்டியே அல்ல. போட்டி, நல்ல திடலும் நிறைய ஆசிரியர்களும் உள்ள பக்கத்து அரசாங்க இடைநிலைப்பள்ளி மாணவரோடுதான். அந்தப் பள்ளியும் இந்தப் பள்ளியும் ஒரே அமைச்சின் கீழ், ஒரே மாவட்டக் கல்வி இலாகாவின் கீழ் இருப்பதால், கேட்பதற்கும் நமக்கு உரிமை இருக்கிறது.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. திடல் இல்லாத தமிழ்ப்பள்ளி வாரத்தில் ஒரு மாலை பக்கத்து இடைநிலைப்பள்ளித் திடலைப் பயன்படுத்த மாவட்டக் கல்வி இலாகா ஏற்பாடு செய்யலாம். பொதுத் திடல்கள் கிள்ளானில் அரச மாநகராட்சி மன்றத்தின் கையிலும், தலைநகரில் டி.பி.கே.எல். கையிலும் உள்ளன. பள்ளி வாரியம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு எழுதிக் கேட்டால் தனியார் கிளப்புக்கு முன்னுரிமை போவதைத் தடுக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் கட்டட நிதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். மாவட்டப் போட்டிக்கு எத்தனை விளையாட்டுகளில் பள்ளி பதிந்தது, எத்தனையில் போக முடியவில்லை, போக முடியாததற்குக் காரணம் வண்டியா, ஆளா, ஆசிரியரா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். வட்டாரத்தில் உள்ள இந்திய விளையாட்டுக் கிளப்புகள் தங்கள் பெரியவர் போட்டிக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியைப் போட்டி நாளுக்கான வேன் வாடகைக்கு ஒதுக்கினால் பல பள்ளிகள் களத்துக்கு வரும்.

படிவம் 1-இல் பதியும் நாளில், பிள்ளையின் தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ்களின் நகலை ஒரு கோப்பில் போட்டு விளையாட்டுச் செயலாளரான ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள், பிள்ளை எந்த விளையாட்டில் எந்த அளவுக்குப் போனது என்றும் சொல்லுங்கள். அதேபோல், ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண்ணைக் கணினியில் பதிவேற்றும் முன்பாகவே அந்த ஆண்டின் போட்டிச் சான்றிதழ்கள் வகுப்பாசிரியர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தமிழ் அமைப்புகள் வெளியே நடத்தும் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ் இருந்தால் அது எந்த அளவில் ஏற்கப்படும் என்று அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.